என் கால், அவர் நடை

கேன்சர் வராமலிருக்க நடக்கச் சொல்லி வாரம் ஒருமுறை போன் செய்யும் திட்டத்தில் என் கணவரைச் சேர்த்துவிட்டது நான்தான். அவருடைய அண்ணனைக் குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பயம்.

இன்று சாலைக் கடைத்தெருவிலிருந்து அரிசியும் காய்கறியும் சுமந்து நடந்து வந்து, அப்போதுதான் பையை இறக்கினேன். போன் வந்தது. அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னைக்கு நடந்தீங்களா, சார்?"

நாற்காலியை விட்டு அசையாமல் சொன்னார்: "பின்னே! சாலைக் கடைத்தெரு வரை போயிட்டு வந்தேன். முக்கால் மணி நேரம்."

"வளரெ நல்லது சார்! கால் வலி உண்டோ?" என்று மலையாளம் கலந்து கேட்டாள் அந்தப் பெண்.

"சேச்சே, கொஞ்சம்கூட இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படி வலிக்கும்? வலிப்பது என் கால்!

போனில் பேசும் பெண்ணை ஏமாற்றலாம். அண்ணனைக் கொண்டுபோன நோயை?

அடுத்த வாரம் போனை நான்தான் எடுப்பேன். உங்கள் வீட்டில் நடப்பது யார், நடந்தேன் என்று சொல்வது யார்?