இசோகாவா கடையின் ‘டக்’

ஜப்பானின் மொரியோகா நகரில் ஜாஸ் காபிக்கடை நடத்தும் இசோகாவாவுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ரெக்கார்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது. மீறினால் பாதிக் காபியிலேயே வாசலைக் காட்டிவிடுவார். பல வருடங்களாகக் கடை திறந்ததும் ஒரே ரெக்கார்டின் ஒரே பக்கத்தைத்தான் முதலில் போடுவார். அதில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் தனியாக ஒலிக்கும் இடத்தில் ஒரு கீறல். ஊசி ‘டக்’ என்று துள்ளும்.

டோக்கியோவிலிருந்து வந்த ரெக்கார்டு சேகரிப்பாளர் நாகாசேவுக்கு அது பொறுக்கவில்லை. பக்கம் முடிந்ததும் பையைத் திறந்தார்.

“என்ன மாஸ்டர், இதைத் தூக்கிக் கடாசுங்க! இது இதே ரெக்கார்டோட முதல் பதிப்பு, ஒரு கீறல் கிடையாது. போட்டுப் பாருங்க, அசந்துடுவீங்க.”

தினமும் அங்கே காபி குடிக்கும் எனக்கோ எரிச்சல். மாஸ்டர் இசோகாவா அதை வாங்கிப் போட்டார்.

என்ன சுத்தம்! வாசிப்பவரின் மூச்சுகூடக் கேட்டது. அந்த இடத்தை ஊசி சத்தமில்லாமல் கடந்தது. ஆனாலும் ‘டக்’ கேட்டது. கண்மூடி உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள் நாங்கள் எல்லோரும், எங்களை அறியாமலே, ஒரே நொடியில் விரலால் மேசையைத் தட்டியிருந்தோம். மாஸ்டரும்தான்.

நாகாசே எங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் முடிந்ததும் தன் ரெக்கார்டை உறைக்குள் போட்டார்.

“மாஸ்டர், உங்களோடதையே போடுங்க,” என்றார். “அந்த இடம் வர்றப்ப நானும் தட்டிப் பாக்கணும்.”