காதால் பார்த்த மியூசியம்

அப்பா இருபத்தொன்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டினார். ஒவ்வொரு வருஷமும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மூன்றரை மணி நேரம் ஓட்டி, பெரிய நகரத்தில் இருக்கும் விலங்கியல் மியூசியத்துக்குக் கூட்டிப் போவார். ஒரு வருஷம் மஞ்சள் காமாலை, இன்னொரு வருஷம் வண்டி பழுது. அந்த இரண்டையும் கழித்தால் இருபத்தேழு முறை அந்த வாசலில் போய் நின்றிருக்கிறார். ஒரு முறைகூட உள்ளே போனதில்லை.

காரணம் பஸ்தான். அதன் முன்கதவு பூட்டில் நிற்காது. உள்ளே நாற்பது பிள்ளைகளின் பைகள், டீச்சர்களின் கைப்பைகள் இருக்கும். போதாததற்கு அரை மணிக்கு ஒரு தடவை காவலாளி வந்து, வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுங்க, பின்னால் எடுங்க என்பான். அதனால் அப்பா அங்கேயே கிடப்பார். பஸ்ஸைப் பெருக்குவார், கண்ணாடி துடைப்பார், வாந்தி எடுத்த சீட்டைக் கழுவிக் காய வைப்பார். மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் திரும்பி வருவார்கள்.

அப்பா பார்த்த மியூசியம் அதற்கப்புறம்தான் தொடங்கும். என்ஜின் மூடியின் மேல் நாலு பேர், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு ஆறு பேர் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அப்பா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்ணுவார். முதலைக்குப் பல் எத்தனை என்பார். எண்ணலை மாமா என்றால், அப்ப என்னத்தைப் பார்த்தே என்பார். இந்தப் பேச்சு பள்ளிக்கூடத்தில் பரவி, பின்னால் வந்த பிள்ளைகள் டிரைவர் மாமாவுக்காகவே பல்லை எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி அது எங்கள் வீட்டுக்கு வந்துசேரும். நான் படித்தது வேறு பள்ளிக்கூடம். அங்கே எங்களை அணைக்கட்டுக்குத்தான் கூட்டிப் போவார்கள். இருந்தும் அந்த மியூசியம் எனக்கு அத்துப்படி. மொத்தம் நாலு அறை. முதல் அறைக்குத் திமிங்கலத்தின் வாய் வழியாகத்தான் நுழைய வேண்டும். இரண்டாவதில் ஒரு சிங்கம். பட்டனை அமுக்கினால் கர்ஜிக்கும். மூன்றாவது முழுக்கப் பறவைகள். நாலாவது இருட்டறை, அங்கே கண்ணாடி ஜாடிக்குள் இரண்டு தலைக் கன்று. அம்மா தையல் மிஷினில் காலை ஓட்டிக்கொண்டே கேட்பாள். பட்டன் எந்தப் பக்கம் இருக்கு என்று ஒரு வருஷம் அவளே கேட்டாள்.

நான் எட்டாவது படிக்கும்போது நடந்தது இது. அந்த வருஷம் ஒரு பெண்பிள்ளை வழி முழுக்க வாந்தி எடுத்துத் துவண்டுபோனாள். டீச்சர் அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, பார்த்துக்குங்க டிரைவர் என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு உள்ளே போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு அவள் எழுந்தாள். காலி பஸ்ஸைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் அழுதாள். அவளை உள்ளே விடச் சொல்லி அப்பா காவலாளியிடம் போய்க் கேட்டிருக்கிறார். டீச்சர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவேன் என்றுவிட்டான். பஸ்ஸை விட்டுவிட்டு டீச்சரைத் தேடிப் போகவும் வழியில்லை.

அதனால் அவளை முன்சீட்டில் உட்கார வைத்து, கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, அப்பா தானே கூட்டிப் போனார். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டதையெல்லாம் கோத்து, திமிங்கலத்தின் வாயில் ஆரம்பித்து அறை அறையாக இரண்டு மணி நேரம். அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாளாம்.

திரும்பும் வழியில்தான் வேடிக்கை. பிள்ளைகள் கதை சொல்ல, அவள் திருத்தினாள். மூன்றாவது அறையில் ஆந்தை இருக்கு, நம்ம நடந்தா அதோட கண்ணும் கூடவே வரும், நீங்க சரியா பார்க்கலை என்று சண்டைக்கே போய்விட்டாள். டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளை தனியாக உள்ளே நுழைந்துவிட்டதோ என்று அப்பாவிடம் வந்து கோபமாகக் கேட்டார். அப்பா கியரை மாற்றிக்கொண்டே, "இல்லை டீச்சர், நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றாராம்.

அடுத்த வருஷமே அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பத்தோடு போய்விட்டார்கள். அதன் பிறகு எப்போதாவது, சாப்பிட்டுக் கை கழுவும்போதோ செருப்பை மாட்டும்போதோ, "அந்தப் பிள்ளைகிட்ட பொய் சொல்லி அனுப்பிட்டேனோ" என்பார் அப்பா. நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

அவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் அம்மாவும் அவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். வழியில் அதே நகரத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். இவர்கள் இறங்கியது பதினொரு மணிக்கு, அடுத்த வண்டி நாலு மணிக்கு. மியூசியம் பஸ் நிலையத்திலிருந்து இரண்டு தெரு. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். வாசலில் பெரிய பலகை: தொடலாம், ஏறலாம், அமுக்கலாம், கேட்கலாம்.

அம்மா போகலாம் என்றாள். அப்பா பை கனக்கிறது என்றார். உள்ளே பை வைக்க இடம் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன் என்றாள் அம்மா. முட்டி வலி என்றார். லிஃப்ட் இருக்கிறது என்றாள். பஸ்ஸை விட்டுவிடுவோம் என்றார். கையைத் திருப்பி வாட்சைக் காட்டினாள். அப்பா எதிர்ப்புறம் மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே மூன்று பள்ளிக்கூட பஸ்கள் நின்றிருந்தன. அவற்றை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று குறை சொல்லிக்கொண்டே முக்கால் மணி நேரத்தை ஓட்டினார். அம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் அவராகவே வாயைத் திறந்தார்.

"உள்ள போய், நான் சொன்னது ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சா?"

அம்மாவுக்கு எதைப் பற்றிச் சொல்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது.

"அவளுக்கு இப்ப முப்பது வயசு இருக்கும். பார்க்கணும்னா அவளே வந்து பார்த்திருப்பா. நீங்க ஏன் இன்னும் இங்கயே உட்கார்ந்து பயப்படுறீங்க?"

"அது மட்டும் இல்லை. போய்ப் பார்த்துட்டேன்னா என்கிட்ட இருக்கிறது போயிடும்."

அம்மா எழுந்தாள். எனக்குப் பாத்ரூம் போகணும், நான் உள்ளே போகிறேன், வந்தால் வாங்க என்று சொல்லிவிட்டு நடந்தாள். டிக்கெட் ஜன்னலில் நின்று திரும்பிப் பார்த்தால், மரத்தடியில் அவர் இரண்டு பைகளையும் அணைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். "இத்தனை வருஷமும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாருன்னு தோணிச்சு" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அவள் திரும்பி வந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டாள். அப்பா இன்னொன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

உள்ளே நாலு அறையும் இல்லை. இருக்கிறதெல்லாம் ஒரே பெரிய கூடமும் மாடியும். தரையில் வெளிச்சமாக விழும் காலடித் தடங்கள். மேலே ஏறி நின்றால் அது எந்த மிருகம் என்று ஒரு குரல் சொல்லும். பிள்ளைகள் எல்லாவற்றையும் தடவிக்கொண்டும் குத்திக்கொண்டும் ஓடினார்கள். அப்பா எதையும் தொடவில்லை. திமிங்கலத்தைத் தேடிக் கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். சிப்பிகளைத் தொட்டுப் பார்க்க வைத்திருந்த மேஜையில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு ஊழியர் உட்கார்ந்திருந்தார். பழைய கட்டடத்திலும் அவர் வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும் அப்பா அங்கேயே நின்றுவிட்டார்.

முதலில் திமிங்கலத்தைக் கேட்டார்.

"முழுத் திமிங்கலம் என்னிக்கும் இருந்ததில்லை சார். தாடை எலும்பு ரெண்டுதான். வாசல் மாதிரி நட்டு வச்சிருந்தோம். எல்லாரும் அதுக்குள்ள நுழைஞ்சுதான் வருவாங்க."

அப்பா பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். வாய் வழியாக நுழைவது உண்மை. அடுத்தது சிங்கம். பட்டன் என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார் ஊழியர். அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பட்டனை அமுக்கினால் கர்ஜிக்கும் என்று வருஷா வருஷம் பிள்ளைகள் சொன்னார்களே என்றார்.

ஊழியர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது நான்தான் சார்."

சிங்கத்தின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு திருகாணியின் தலை வட்டமாக வெளியே தெரியுமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பையன் அதைப் பட்டன் என்று நினைத்து அமுக்கிக்கொண்டே இருந்தானாம். திரைக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்ற இவர் மனசு கேட்காமல் ஒரு உறுமல் உறுமியிருக்கிறார். மறுவாரம் வேறு பள்ளிக்கூடம், பட்டன் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. கட்டடத்தை இடிக்கும்வரை இருபது வருஷத்துக்கு மேல் உறுமினாராம். அதிகாரிகள் யாருக்கும் தெரியாது.

அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். அது சிரிப்பில்லை, அழுகைதான் என்கிறாள் அம்மா. இந்த விஷயத்தில் இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. ஒரு தடவை உறுமிக் காட்டுங்களேன் என்று அப்பா கேட்டதற்கு, இப்ப ஸ்பீக்கர் இருக்கு சார் என்று கூச்சத்தோடு மறுத்துவிட்டார் அவர். இரண்டு தலைக் கன்று இருந்தது, இப்போது கிடங்கில் இருக்கிறது. ஆந்தையைக் கேட்டபோது மட்டும் கையை விரித்துவிட்டார். பறவை அறையில் கொக்கு, கழுகு, மீன்கொத்தி எல்லாம் உண்டு. ஆந்தை இருந்ததே இல்லை.

"அதை நானாவே அவளுக்காகச் சேர்த்துட்டேன் போல" என்றார் அப்பா, என் வீட்டில் டீயை ஆற்றிக்கொண்டே. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பழைய கலக்கம் இல்லை.

ஊழியர் தன் மேஜையைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரையும் கூடவே கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டியிருக்கிறார். அப்பாவும் எல்லாவற்றையும் தொட்டார். எது பிடித்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டதும், நிலநடுக்கப் பலகை என்று சட்டென்று சொன்னார். ஏறி நின்றால் பூமி ஆடுவது போல ஆடும் பலகை அது. அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து நின்று நடித்துக் காட்டினாள்: பலகை ஆடத் தொடங்கியதும் அப்பா முன்னால் இருந்த கம்பியை ஸ்டீயரிங் மாதிரி பிடித்துக்கொண்டாராம், வலது கால் பிரேக்கைத் தேடித் தேடி மிதித்ததாம். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் அடுத்து ஏறி அவரைப் போலவே மிதித்தார்களாம்.

நாலு மணி வண்டியை ஓடிப் பிடித்ததில் மாடியைப் பார்க்காமல் வந்துவிட்டதாக அப்பா குறைபட்டுக்கொண்டார். திரும்பிப் போகும்போது நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். பத்து நாள் கழித்து, அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள், பஸ் நேரம் விசாரிக்கச் சொல்லி என் வீட்டுக்காரரை அனுப்பியவள் அம்மாதான். மாடிக்கும் நேரம் வேண்டும் என்று அவள் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே முதல் வண்டி, காலை ஐந்தே முக்கால்.