பத்தில் மூன்று

மார்லிஸ் டோலெஃப்சன் வடக்கு டகோட்டாவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருடத்துக்கு முன் நாற்பத்தோரு வயதுப் பெண் ஒருத்தி தாடை வலி என்று அங்கே வந்தாள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மாரடைப்பு இல்லை என்று எல்லோரையும் போல மார்லிஸும் நிம்மதியாக அவளை வீட்டுக்கு அனுப்பினாள். மறுநாள் காலை அவள் உயிரோடு இல்லை.

மார்லிஸ் அதையே நினைத்து மருகினாள். வலி தொடங்கிய முதல் மணி நேரத்தில் அந்தப் பரிசோதனை பலரைத் தவறவிடும். அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது, அவள் அப்பா இளவயதிலேயே மாரடைப்பில் போனவர். தெரிந்திருந்த இதையெல்லாம் ஒரு தாளைப் பார்த்ததும் மறந்துவிட்டோமே என்பது மனதை அறுத்தது.

நாற்பத்தெட்டு வயதில் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அன்று முதல், நோயாளி யார் வந்தாலும், இவரைப் போலப் பத்துப் பேர் வந்தால் எத்தனை பேருக்கு அந்த நோய் இருக்கும் என்று ஓர் எண்ணை முதலில் மனதில் வைப்பாள். வரும் ஒவ்வொரு தகவலுக்கும் அதை ஏற்றுவாள், இறக்குவாள். ஒரே தகவலுக்காகத் துடைத்துவிட மாட்டாள்.

போன பிப்ரவரியில் வெர்லின் ஹாகன் என்ற விவசாயி, முழங்கால் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், மூச்சு வாங்குகிறது என்றார்.

"எக்ஸ்ரே சுத்தமா இருக்கு, ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சு. மனுஷன் பயந்துட்டாரு, அவ்வளவுதான்" என்றார் டாக்டர் கெஸ்லர்.

"இருக்கலாம் டாக்டர். ஆனா முன்னாடியே ஒரு தடவ கால்ல ரத்தம் கட்டியிருக்கு. நாடி நூத்திப் பன்னெண்டு. நுரையீரல்ல ரத்தக்கட்டி இருக்க பத்துல நாலுன்னு நெனச்சேன், எக்ஸ்ரே பார்த்து மூணாக்கினேன். அதுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது."

"அந்த மூணு உங்க யூகம்தானே?"

"யூகம்தான். 'பயந்துட்டாரு'ங்கறதும் யூகம்தானே டாக்டர்."

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் கருவி அந்த வாரம் பழுது. அடுத்தது எழுபது மைல் தள்ளி, சாலையெல்லாம் பனி. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வெர்லினே முடிவு செய்தார்: "ஆலங்கட்டி விழ பத்துல மூணுன்னா பயிருக்கு இன்சூரன்ஸ் போடாம இருப்பேனா? வண்டியக் கூப்பிடுங்க."

ஸ்கேனில் ரத்தக்கட்டி எதுவும் இல்லை. மறுநாள் திரும்பி வந்தவர், "எழுபது மைல் போயி மட்டமான காபி குடிச்சிட்டு வந்தேன்" என்று சிரித்தார். உடன் வேலை செய்யும் ஜோலீன், "உன்னோட மூணு பனியில சறுக்கிடுச்சுடி" என்றாள். மார்லிஸும் சிரித்தாள். ஆனால் மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

கெஸ்லர் எதிரே வந்து உட்கார்ந்தபோது அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தார். 'பத்தில் மூன்று' என்று அவள் சொன்னது முப்பத்திரண்டு முறை; அதில் ஒன்பது பேருக்கு நோய் இருந்திருக்கிறது, கிட்டத்தட்ட அவள் சொன்ன கணக்குதான். அவர் பக்கத்தைப் புரட்டினார். 'பத்தில் ஒன்பது' இருபது முறை, பலித்தது பதினொன்றுதான்.

"இங்க மட்டும் ஏன் இப்படி?"

"எனக்கு நிச்சயமாத் தெரியும்னு நெனைக்கிறப்பதான் டாக்டர் அதிகமாத் தப்புப் பண்றேன்."

அடுத்த வாரம் வயிற்று வலியோடு ஒரு கிழவர் வந்தபோது, பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே கெஸ்லர் மார்லிஸிடம் கேட்டார்: "நான் பத்துல ஆறுன்னு சொல்றேன். நீங்க?"