சுவா சூ காங் சமையலறையில் பாலில்லாத சாக்லேட்

வெயில் கொளுத்தும் சிங்கப்பூரில் சூடான சாக்லேட் விற்பது துணிச்சல் என்றால், அதைப் பால் சேர்க்காமல் விற்பது பிடிவாதம். வீட்டு அடுப்படியையே கடையாக்கிக்கொண்டு கேக்கோ பிரியாணியோ விற்பவரா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும். காப்புறுதி அலுவலகத்தில் ஆள்குறைப்பு வந்து வீட்டில் உட்கார்ந்தபோது ஆரம்பித்தேன். சிறு வயதிலிருந்தே பால் என் வயிற்றுக்குச் சேராது. ஆசைக்கு எனக்காகப் பாலில்லாமல் செய்துகொண்ட சாக்லேட்தான், மூன்று வருடத்தில் தொழிலாகிவிட்டது.

தேங்காய்ப்பால்

முதல் முயற்சி தேங்காய்ப்பாலில். கொக்கோ தூள், குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம், ஒரு துண்டு பட்டை. வாசனை வரவேற்பறை வரை போனது. என் கணவர் ரஹீம் சாங்கி விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். வேலை முடிந்து வந்து சட்டைகூட மாற்றாமல் கோப்பையை வாங்கினார். ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், இன்னொரு வாய் குடித்தார். நான் கரண்டியும் கையுமாக எதிரே நின்றேன். பாராட்டப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"பாயசம் நல்லாத்தான் இருக்கு ஜமீலா. ஜவ்வரிசி போட மறந்துட்டியா?"

ஓட்ஸ்

அடுத்து ஓட்ஸ் பால். கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று நானே அரைத்தேன். வெந்நீர் விட்டு மிக்ஸியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தேன். அடுப்பில் ஏற்றியதும் சுவரொட்டி ஒட்டுகிற பசை தயார். யாரும் சொல்லிக் கொடுக்காமல், கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டேன்: தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கவேண்டும், அரை நிமிடத்துக்கு மேல் அரைக்கக்கூடாது, துணியைப் பிழியவே கூடாது, தானாக வடிய வேண்டும். கொக்கோவை முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, அதற்கப்புறம்தான் பால்.

எதிர்வீட்டு சித்ரா அக்கா அத்தனை சோதனைக்கும் ஆள். தினமும் ஒரு கோப்பை குடித்துவிட்டு "பரவால்ல லா" என்பார். ஒருநாள் குடித்து முடித்துக் காலிக் கோப்பையை என் முன்னால் நீட்டினார்.

"இத்தனை நாளா உன் மனசு நோகக்கூடாதுன்னு குடிச்சேன். இன்னிக்கு எனக்காகக் குடிக்கிறேன், இன்னொரு கப் ஊத்து."

எது சைவம்?

இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளியிருக்கும் ஒரு கணினிப் பொறியாளர், மதுரையிலிருந்து வந்திருந்த தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆர்டரை எடுக்க வந்தார். கோப்பையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, "வீகன்னா என்னம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். "சைவம்தாம்மா. ஆனா பால், தயிர், நெய் எதுவும் சேராது" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்புறம் சைவத்துல என்னதான் மிச்சம்?" என்றார். ஒரு கோப்பையை நீட்டினேன். வாசலில் நின்றபடியே குடித்து முடித்தார். அந்த வாரத்திலேயே மகன் திரும்ப வந்து நான்கு கோப்பை கேட்டார்.

"மூணு அம்மாவுக்குத்தான். செய்முறையும் எழுதித் தரச் சொன்னாங்க, ஆனா ஊருக்குப் போய்ப் பால் ஊத்தித்தான் செய்வாங்களாம்."

குளிர் அறை

ரஹீமின் வேலையிடத்தில் பழம், மீன், பூ எல்லாம் வந்திறங்கும் குளிர் அறை ஒன்று உண்டு. வெளியே சட்டை நனையும், உள்ளே பல் தந்தியடிக்கும். இந்த ஊரில் சூடான சாக்லேட்டுக்கு என்றே கட்டியது போன்ற இடம் அது! ஒரு மதியம் பெரிய பிளாஸ்க் நிறைய அனுப்பினேன். அங்கே செல்வம் என்று ஒரு மேற்பார்வையாளர், பால் ஒத்துக்கொள்ளாதவர். தேநீர் இடைவேளையில் எல்லோரும் பால் கலந்து குடிக்கும்போது ஓரமாக உட்கார்ந்து வெறும் வெந்நீர் ஊதிக் குடிப்பாராம். அன்று முதல் கோப்பையை அவருக்குத்தான் கொடுத்தார்களாம். அவர் சொன்னதை ரஹீம் வீட்டுக்கு வந்து என்னிடம் அப்படியே ஒப்பித்தார்.

"தங்கச்சிகிட்ட சொல்லு, வேலைக்குச் சேர்ந்து இன்னிக்குத்தான் நான் ஒழுங்கா பிரேக் எடுத்தேன்."

இருபது கோப்பை

லிட்டில் இந்தியாவில் குடியிருக்கும் என் வாடிக்கையாளர் கவிதா, மகள் யாழினியின் ஏழாவது பிறந்தநாளுக்கு இருபது கோப்பை கேட்டாள். யாழினிக்குப் பால் ஒவ்வாமை. என்னைப் போல வயிற்று வலியோடு போகிற விஷயமில்லை. போன வருடம் ஒரு கரண்டி ஐஸ்கிரீமில் உதடெல்லாம் வீங்கி, ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. எந்த விருந்துக்குப் போனாலும் குழந்தைக்கு வீட்டிலிருந்து கொண்டுபோகிற தனிப் புட்டிதான்.

விசேஷம் ஆயிற்றே, இன்னும் கெட்டியாக இருக்கட்டும் என்று புதிதாக வாங்கிய கறுப்பு சாக்லேட்டையும் உருக்கிச் சேர்த்தேன். எல்லாம் முடிந்து உறையைக் குப்பையில் போடும்போதுதான் பின்பக்கப் பொடி எழுத்து கண்ணில் பட்டது: பால் கலந்திருக்கலாம். கறுப்பு என்றால் பால் இருக்காது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். பானை முழுவதையும் தொட்டியில் கொட்டினேன். மணி பதினொன்று, விருந்து நான்கு மணிக்கு.

கவிதாவை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். "அக்கா, நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. திரும்பச் செய்ய முடியுமா?" என்றாள். முடியும் என்றேன். ரஹீமுக்கு அன்று விடுமுறை. பேக்கரிச் சாமான் கடைக்கு ஓடி, உறையின் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, கலப்பில்லாத கொக்கோ வாங்கி வந்தார். நான் பானை, கரண்டி, மிக்ஸி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, வடிகட்டப் புதுத் துணி கிழித்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்சியிலிருந்து பிளாஸ்க்குகளோடு இறங்கினேன். கோப்பைகளில் ஊற்றி மேசையில் வரிசையாக வைத்தோம். பிள்ளைகள் பாய்ந்து எடுத்தார்கள். யாழினி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மா, இதுல என்னோடது எது?" என்று கேட்டாள். கவிதா அவள் பக்கத்தில் குனிந்து பதில் சொன்னாள். நான் பிளாஸ்க் மூடி சரியாக இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

"எல்லாம் ஒரே பானைதான்டா. உனக்கு எது பிடிக்குதோ அதை எடுத்துக்கோ."

இந்தத் தொழிலில் பெருமைப்பட எத்தனையோ கிடைத்துவிட்டது, அடிப்பிடித்த பானை கழுவ ஓர் ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை.