கால் முளைத்த கடுகு

இளைய மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மிட்டாய்ப் பெட்டியை மூத்த மருமகள் இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தாள்.

"மாமா, இந்தக் கலர் எதுலேந்து வருது தெரியுமா? பூச்சியக் காயவெச்சி அரச்சி எடுக்குறாங்களாம். செல்லுல போட்டுப் பாத்தேன். உவ்வே!"

அதற்குள் நான் மூன்றை முடித்திருந்தேன். நான்காவது வாயில் இருந்தது. துப்பவில்லை. என் வயதில் துப்புவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

பூச்சி தின்னாதவர் யார், சொல்லுங்கள். கடலூரில் நான் சிறுவனாக இருந்தபோது பெண்ணாடம் பக்கத்து உறவினர் ஒருவர் வெல்லம் கொண்டுவருவார். பாகு காய்ச்சி வடிகட்டினால் துணியில் எறும்பும் குளவிச் சிறகும் தங்கும். வடிகட்ட மறந்த நாட்களில் அவை எங்களுக்குள் தங்கின. எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்பாள் அம்மா. நிறையத் தின்றேன். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது.

ஆனால் வண்டு என்றால் எனக்கு ரவை வண்டுதான். அதன் வாடை இப்போதும் தெரியும். மூடிய பெட்டியைத் திறந்ததும் வரும் மக்கிய, லேசான கசப்பு வாடை. சிதம்பரத்து லாட்ஜின் ஸ்டோர் ரூமில் அது எப்போதும் இருக்கும். அண்ணாமலை நகரில் படித்துக்கொண்டு அந்த லாட்ஜில் நாற்பது பேர் தங்கியிருந்தோம். மெஸ்ஸை நாங்களே நடத்தினோம். மாதத்துக்கு ஒருவன் செக்ரட்டரி; ஸ்டோர் ரூம் சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். சமையல்காரரிடம்கூடச் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். இருபது வயதில் நாங்கள் போட்ட சட்டங்கள் அப்படித்தான் இருந்தன.

சமையல்காரர் சவரிமுத்து மாஸ்டர், கடலூர் முதுநகர்க்காரர். சல்லடை அவருடைய சொந்தச் சாமான். விடியலில் ரவையை முறத்தில் பரப்பி ஓரத்தை விரலால் தட்டுவார். வண்டுகள் ஓரம் பார்த்து ஓடும். அப்புறம் சலிப்பார். சல்லடையில் நின்றதைச் செக்ரட்டரியிடம் காட்டாமல் கொட்டமாட்டார்.

"செக்ரட்டரி சார், பணம் கட்டாத மெம்பருங்க. இன்னிக்கி ஜாஸ்திதான்."

நான் செக்ரட்டரியாக இருந்த மாதத்தில் ஒரு நாள் சாவியைப் பையில் வைத்தபடியே கடலூர் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸைத் தவறவிட்டேன். லாட்ஜுக்கு வந்து சேர்ந்தபோது பையன்கள் தட்டோடு நின்றார்கள். அன்று பரீட்சை. மாஸ்டர் வெறும் அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து ரவையை எடுத்துக் கொடுத்தேன். அவர் முறத்தை எடுத்தார்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல மாஸ்டர். அப்டியே கிண்டுங்க."

"வேணாம் தம்பி. வண்டு கெடக்கும். அர மணி குடுங்க, சலிச்சிட்றேன்."

"யார் பாக்கப் போறா? கடுகு ஜாஸ்தியாப் போடுங்க. தெரியாது."

என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு முறத்தைச் சுவரில் சாய்த்தார். கடுகு வெடித்தது. அந்த யோசனை தோன்றியதற்காக அப்போது எனக்குள் சின்னப் பெருமைகூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பந்தியின் நடுவில் ஒருவன் கத்தினான். "டேய் மச்சான், இந்தக் கடுகுக்குக் காலு இருக்குடா!"

சிரிப்பு, கூச்சல், தட்டுகள் விழும் ஓசை. பரீட்சை முடிந்து வந்ததும் கூட்டம் போட்டார்கள். "சலிச்சீங்களா, இல்லியா?" என்று மாஸ்டரைக் கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நேரம் கொடுத்துத்தான் பார்த்தார். நான் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தேன். 'கடுகு செக்ரட்டரி' என்று வருடம் முழுக்கக் கூப்பிடுவார்களே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

"சலிக்கல," என்றார் மாஸ்டர்.

அவரை அனுப்பிவிட முடிவானது. எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தூக்கினேன். அவர் சல்லடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

சில வருடங்கள் கழித்து, வேலையில் சேர்ந்த புதிதில், கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மீன் கூடை இறக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பேசினார்.

"செக்ரட்டரி சார், நல்லாருக்கீங்களா?"

ஏன் சமையலுக்குப் போகவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"வேல போனது போவட்டும் தம்பி. சலிக்காம ஆக்குறவன்னு பேரு வந்துடுச்சி. சிதம்பரத்துல ஒரு மெஸ்ஸுலயும் சேத்துக்கல."

"நான் அவங்ககிட்டச் சொல்றேன் மாஸ்டர்," என்றேன்.

"சொல்லுங்க," என்றார். அதை நம்பினார் என்றே நினைக்கிறேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். சொல்லவில்லை.

அந்த லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ரவை வறுத்து, பாக்கெட்டில் அடைத்து வருகிறது, வண்டு இல்லை. எங்கள் வீட்டில் சல்லடையும் இல்லை. நான் உப்புமாவில் கடுகைப் பொறுக்கி ஓரம் வைப்பதைப் பார்த்து, எனக்குக் கடுகு ஒத்துக்கொள்ளாது என்று மருமகள் அதைப் போடாமலே கிண்டித் தருகிறாள். மாஸ்டர் இருக்கிறாரா, தெரியாது. அன்று பந்தியில் உட்கார்ந்த நாற்பது பேரில் ஒருவர் விலாசமும் என்னிடம் இல்லை. ஆகவே, அந்த உப்புமாவைச் சாப்பிடாத உங்களிடம் சொல்கிறேன்: சவரிமுத்து மாஸ்டர் சலிக்கிறவர். சலிக்க வேண்டாம் என்றது நான்.