அப்பாவும் புலிகுத்திக் கல்லும்

அப்பாவை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதை நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். ஆபீஸ், மழை, அவருடைய முட்டிவலி என்று வாய்க்கு வந்த சாக்கையெல்லாம் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். அங்கேயும் யாராவது அவரைத் தள்ளி நிற்கச் சொன்னால் என்னால் பொறுக்க முடியாது. என் வாய் வேறு சும்மா இருக்காது.

அவர் பார்க்க ஆசைப்பட்டது ஒரு கல்லை. பொள்ளாச்சிப் பக்கம் அவர் மாடு மேய்த்த தென்னந்தோப்பில் நின்ற புலிகுத்திக் கல் அது. மாட்டுப்பட்டியில் புகுந்த புலியை ஈட்டியால் குத்திவிட்டுத் தானும் செத்துப்போன ஒருவனுக்கு எந்தக் காலத்திலோ நட்டது. பட்டிப்பொங்கலன்று தோட்டத்துக்காரர் வீட்டார் அதற்குச் சந்தனம் பூசிப் பொங்கல் வைப்பார்கள். வருடம் முழுக்க அவர்கள் மாடுகளை மேய்த்த அப்பா வேலிக்கு வெளியே நிற்பார். எங்கள் சாதிக்கு அதுதான் எல்லை. செத்தவனும் மாடு மேய்த்தவன்தானே, நம்ம ஆளாகத்தான் இருப்பான் என்று வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வார். சாலையை அகலப்படுத்தியபோது கல் கோயம்புத்தூர் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது.

ஒருவழியாகப் போன மாதம் பஸ் ஏறினோம். அருங்காட்சியக வாசலிலேயே அப்பா செருப்பைக் கழற்றினார்.

“இது கோயில் இல்லீங்கப்பா, போட்டுக்குங்க.”

“இருக்கட்டும் கண்ணு.”

உள்ளே பிணம் புதைத்த பெரிய தாழிகளும் எழுத்து வெட்டிய கற்களும் வரிசையாக இருந்தன. எதையும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூலையில் தன் கல்லைக் கண்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டார். இங்கே வேலியே இல்லை, ஆனாலும் கால் நகரவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கல்லுக்கு முன்னால் நிறுத்தினேன்.

எண்ணெய்ப் பிசுக்கும் சந்தனமும் போய், ஈட்டிக்காரனும் புலியும் பளிச்சென்று தெரிந்தார்கள். மேலே எழுத்து இருந்தது. மாடுகளைக் காக்கப் புலியைக் குத்தி இறந்தவன், பேர் இருந்த இடம் சிதைந்துவிட்டது என்று பக்கத்து அட்டையைப் படித்துச் சொன்னேன்.

“பேரு போனாப் போகுது. மூஞ்சி நல்லாத் தெரியுது பாரு” என்று அப்பா கையை நீட்டினார்.

“ஐயா, தொடாதீங்க!” என்று காவலாளி குரல் கொடுத்தார்.

அப்பாவின் கை சட்டென்று இறங்கியது. தலையும் குனிந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் சண்டைக்கு வாயைத் திறப்பதற்குள் அப்பா மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க, நாங்க மட்டும் தொடக்கூடாதுங்களா?”

“ஆருமே தொடக்கூடாதுங்க.”

“தோட்டத்துக்காரரு வந்தாலுங்களா?”

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. “கலெக்டரே வந்தாலும் அப்படித்தானுங்க.”

அப்பா பொக்கை வாய் தெரியச் சிரித்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போய்க் கல்லைப் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் வெள்ளைச் சட்டையும் தங்கச் சங்கிலியுமாக ஒருவர் வந்தார். கல்லின் மேல் ஒரு கையை ஊன்றி, மறு கையில் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனார். காவலாளி வேறு பக்கம் திரும்பியிருந்தார்.

“ஏனுங்க!” என்று கூடமே அதிர ஒரு குரல். அப்பாவுடையது. “கையை எடுங்க. ஆரும் தொடக்கூடாதுங்க.”

வெள்ளைச் சட்டைக்காரர் பதறிப்போய்க் கையை எடுத்தார். “சாரிங்க” என்று தள்ளி நின்றார்.