ஸ்ரெல்லா அக்காவின் மரண அறிவித்தல்

போன செவ்வாய்க்கிழமை காலை, எனக்கு முன்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நான் வானொலியில் சாகடித்துவிட்டேன்.

பயப்படாதீர்கள்... ஆள் நலம். அன்று மத்தியானம் என்னைவிட அதிகமாகச் சோறு சாப்பிட்டார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் காலைப் பிழைப்பு தெரியும். திருகோணமலைத் துறைமுகம் தெரிகிற ஒரு மாடியில் எங்கள் சின்ன வானொலி. ஆட்கள் குறைவு, ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே வாய். முதலில் மரண அறிவித்தல் வாசிப்பேன். அது முடிந்த கையோடு விருந்தினர் நிகழ்ச்சி. விருந்தினர் என்றால் பெரிய புள்ளிகள் இல்லை. பஸ் கொண்டக்டர், தையல் ரீச்சர், புல்மோட்டையில் மணல் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் — தெருவில் நீங்கள் தினமும் பார்க்கிற ஆட்கள்தான்.

எங்கள் வானொலியில் ஆட்கள் அதிகம் கேட்பது எது தெரியுமா? சினிமாப் பாட்டா? செய்தியா? இரண்டும் இல்லை. மரண அறிவித்தல்தான்! "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட..." என்று நான் இழுக்கத் தொடங்கினால், குசினியில் தேங்காய் துருவுகிற கை நின்றுவிடும். "ஆராம்?" என்று வீடு முழுக்கக் காதைத் தீட்டும். பெயர் வரும். அன்புக் கணவர், பாசமிகு பிள்ளைகள், மைத்துனர், மைத்துனி, லண்டனில் இருக்கிற மருமகன்... எல்லோரும் வருவார்கள். கடைசியில் சோகமாக ஒரு புல்லாங்குழல். எங்கள் கட்டுப்பாட்டறையில் இருக்கிற சுதன், அறிவித்தல் முடிந்ததும் அதைத் தட்டிவிடுவான். எத்தனையோ வருடப் பழக்கம்... அவன் கை தானாகவே போகும்.

அன்றைய விருந்தினர் ஸ்ரெல்லா அக்கா. நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. ஐம்பது தாண்டியவர், கழுத்தில் சின்னச் சிலுவை, வாய் நிறையச் சிரிப்பு. வெள்ளைக்காரருக்கு இடியப்பம் சாப்பிடப் பழக்கிய கதைகளைச் சொல்வார் என்றுதான் கூப்பிட்டிருந்தோம். நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கவில்லை.

"தங்கச்சி, உங்கட ரேடியோ கிண்ணியாவுக்குக் கேக்குமோ?"

"கேக்கும் அக்கா. ஏன்?"

"அங்க ஒருத்தி இருக்கிறாள். என்ர குரலையாவது கேக்கட்டுமெண்டுதான் வந்தனான்."

அந்த ஒருத்தியின் பெயர் பரீதா. அதே ஹோட்டல் குசினியில் ஸ்ரெல்லா அக்காவோடு பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நின்றவர். இவருக்கு இடியப்பம், அவருக்கு வட்டிலப்பம். பெருநாளென்றால் பரீதா வீட்டு வட்டிலப்பம் பாலையூற்றில் ஸ்ரெல்லா அக்கா வீட்டுக்கு வரும். கிறிஸ்து பிறந்த நத்தாரென்றால் ஸ்ரெல்லா வீட்டுக் கேக் கிண்ணியாவுக்குப் போகும். பரீதாவின் உம்மாவை இவரும் உம்மா என்றுதான் கூப்பிடுவாராம்.

அந்த உம்மா ஒரு நாள் காலை மௌத்தாகிவிட்டார். இங்கே எல்லோருக்கும் தெரியும், முஸ்லிம் வீட்டில் மையித்தை, இறந்தவரின் உடலை, வைத்துக்கொண்டிருப்பதில்லை, அன்றைக்கே அடக்கம். ஸ்ரெல்லா அக்காவுக்கும் தெரியும். ஆனால் ஹோட்டலில் அன்று ஒரு பஸ் நிறைய விருந்தினர். பரீதாவும் இல்லாத குசினி. "மத்தியானச் சாப்பாட்டை முடிச்சிட்டுப் போங்கோ" என்று மனேஜர் கெஞ்சியிருக்கிறார். முடித்துவிட்டு ஓடியிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது வீட்டில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

"வாசலில நிண்டவள். 'உம்மாட முகத்தக்கூட பாக்க வராத ஆளுக்கு இனி என்ன வேல?' எண்டாள். உள்ள போயிட்டாள். அவ்வளவுதான், தங்கச்சி. பிறகு ஹோட்டலுக்கும் வரேல்லை. போன் எடுத்தால் கட் பண்ணுவாள். பெருநாளும் வந்து போகுது, நத்தாரும் வந்து போகுது... வட்டிலப்பம் வாறதுமில்லை, கேக் போறதுமில்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கலியாண வீட்டுக்குப் போகாவிட்டால் எங்கள் சனம் மன்னிக்கும். சாவீட்டுக்குப் போகாவிட்டால்...? உங்களுக்கே தெரியும்.

சரி, நான் செய்த கொலைக்கு வருவோம்.

அன்று மரண அறிவித்தல்கள் கொஞ்சம் கூடுதல். வாசித்து வாசித்து நாக்கு அந்த ராகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கடைசி அறிவித்தலும் முடிந்து, புல்லாங்குழலும் ஓய்ந்து, மைக் திரும்பவும் என் பக்கம் வந்தது. விருந்தினரை அறிமுகம் செய்ய வேண்டும். வாயைத் திறந்தேன்...

"மூதூரைப் பிறப்பிடமாகவும், பாலையூற்றை வதிவிடமாகவும் கொண்ட திருமதி ஸ்ரெல்லா அந்தோனிப்பிள்ளை அவர்கள்—"

என் பிழை எனக்கே காதில் விழுந்தது. திகைத்துப்போய் நிறுத்தினேன். அந்த இடைவெளி போதாதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுதனின் கை தானாகப் போனது. புல்லாங்குழல்!

ஸ்ரெல்லா அக்கா தன்னுடைய சாவை வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

ஒரு நிமிடத்துக்குள் புல்லாங்குழலை நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, "அக்கா எனக்கு முன்னால சிரிச்சுக்கொண்டு இருக்கிறா" என்று சொல்லிவிட்டோம். ஆனால் ஒன்று... மரண அறிவித்தல் கேட்டவர்கள் அதற்குப் பிறகு வானொலிக்குப் பக்கத்தில் நிற்பார்களா? செய்தி சொல்ல அடுத்த வீட்டுக்கு ஓடமாட்டார்களா? ஸ்ரெல்லா அக்காவின் போன் மேசையில் நடுங்கத் தொடங்கியது. ஹோட்டல் மனேஜர் அழுதுகொண்டே அழைத்தார். மாதா கோயிலில் இருந்து ஒருவர், துக்கமணி அடிக்கலாமா என்று கேட்டார். கத்தாரில் இருக்கிற மகன் அழைத்தபோதுதான் அக்காவுக்கே கண் கலங்கியது. "எனக்கு ஒண்டுமில்லையடா, நீ வேலையைப் பார்" என்றார்.

பாட்டுக்கு மேல் பாட்டாகப் போட்டு இதையெல்லாம் சமாளித்தோம். அக்கா ஒவ்வொரு முறையும் போனைத் திருப்பிப் பெயரைப் பார்ப்பார். பார்த்துவிட்டு முகம் சுருங்கும். யாருடைய பெயரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவு காலமும் எத்தனை அறிவித்தல் வாசித்திருப்பேன்! பெறாமகன் வருவார், சம்பந்தி வருவார், முகமே பார்த்திராத மைத்துனர் வருவார். சினேகிதி என்று ஒருத்தி வந்ததே இல்லை. பக்கத்து அடுப்பில் இருபது வருடம் நின்றவளுக்கு எங்கள் மரண அறிவித்தலில் ஒரு வரி கிடையாது.

பாட்டுகள் முடிந்தன. நேயர்களுக்குத் தொலைபேசியைத் திறந்துவிட்டோம். முதல் அழைப்பு. பின்னால் ஒரே இரைச்சல், பஸ் ஹோர்ன், யாரோ "முன்னுக்குப் போங்கோ" என்று கத்துகிற சத்தம்.

"ஹலோ... ரேடியோவா? மிஸ், ஒண்டு கேக்கணும். இப்ப மௌத்து அறிவிச்சீங்களே, ஸ்ரெல்லா எண்டு... அடக்கம் எத்தின மணிக்கு எண்டு சொல்லாம விட்டுட்டீங்க."

எதிரே ஸ்ரெல்லா அக்கா கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"ஹலோ? கேக்குதா மிஸ்? நான் பஸ்ஸில வந்துகொண்டிருக்கன். கிண்ணியாப் பாலம் தாண்டிட்டு. எப்பிடியும் அதுக்குள்ள வந்திருவன். நான் வாற வரைக்கும் எடுக்க வேணாமெண்டு அவட ஆக்களுக்குச் சொல்லுங்க... நான் முகம் பாக்கணும்."

குரல் உடைந்துவிட்டது. நான் ஸ்ரெல்லா அக்காவைப் பார்த்தேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"பரீதா... நான் இஞ்சதான் இருக்கிறன். சாகேல்லை."

இரைச்சல் மட்டும் கேட்டது. பஸ் எங்கேயோ நின்று, பிறகு புறப்பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுதன் எழுந்து நின்றான். வானொலிக்காரருக்கு மௌனம் என்றால் பயம். ஏதாவது போட்டு நிரப்பிவிடுவோம். அன்று அவனும் ஒன்றையும் தொடவில்லை.

"ஸ்ரெல்லாவா?"

"ஓம்."

"உசிரோடயா இருக்காய்?"

"ஓம் பரீதா. அது இவையள் விட்ட பிழை. உம்மாக்கு... நான் அண்டைக்கு வந்தனான்தானே. பிந்தித்தான் வந்தனான். எனக்கும் உம்மாதானே அவ. நீ என்னை ஏசு, கதைக்காம மட்டும் இருக்காத. எனக்கு ஏலாம இருக்கு."

இவ்வளவும் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. ஊரே கேட்டிருக்கும். அக்காவுக்கு ஊர் நினைவில் இல்லை.

பரீதா ஏசினார். நன்றாக ஏசினார்! அரைவாசியை நான் இங்கே எழுத ஏலாது. "அடுப்பில கறிச் சட்டிய வெச்சிட்டு ஓடி வந்தனே... நெஞ்சே நிண்டுபோச்சு... நாசமாப்போன ரேடியோ..." எல்லாம் எனக்கும் சேர்த்துத்தான். ஸ்ரெல்லா அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

கடைசியில் அக்கா பயந்து பயந்து கேட்டார்.

"அப்ப... இறங்கித் திரும்பிப் போகப் போறியோ?"

பரீதா சொன்னார்.

"டிக்கட் எடுத்துட்டன் புள்ள. இனி இறங்கேலாது. அங்கயே நில்லு."

நிகழ்ச்சி முடிந்ததும் மூன்று பேரும் கீழே வாசலுக்கு இறங்கினோம். இடியப்பக் கதை ஒன்றுகூட ஒலிபரப்பாகவில்லை. ஸ்ரெல்லா அக்கா சேலைத் தலைப்பைச் சரி செய்தார், தலைமயிரைத் தடவினார். பெண் பார்க்க வருகிறார்கள் போலப் பதற்றம். பஸ் நிலையப் பக்கமிருந்து முச்சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கிய பெண்ணின் கையில் பை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு, அதுவும் சோடி மாறி.

இரண்டு பேரும் கட்டிப்பிடிக்கவில்லை. பரீதா கிட்ட வந்து, ஸ்ரெல்லா அக்காவின் முகவாயைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "மெலிஞ்சு போனாய்" என்றார்.

சுதனும் நானும் மாடிக்கு ஏறிவிட்டோம். ஏறும்போது அவன் தன் போனை எடுத்து, ஏதோ ஒரு பெயரில் விரலை வைத்தபடி நின்றான். யார் என்று நான் கேட்கவில்லை. நானும் என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இவ்வளவு ஆவலாக மரண அறிவித்தல் கேட்கிறோம் என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம். கதை பேச்சில்லாத யாரோ ஒருவர் நம் எல்லோருக்கும் இருக்கிறார். அந்தப் பெயர் வந்துவிடக்கூடாதே என்றுதான் தினமும் காதைக் கொடுக்கிறோம்.

முகம் பார்க்கப் போவதென்றால் — அது திரும்ப நம்மைப் பார்க்கும்போதே போய்விடுங்கள்.